செந்தூராவுக்குத்தான் முதல் மார்க்

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ஒரு மாடி. கீழே உரக்கடை, மேலே குழந்தைகள் நலனைப் பார்க்கிற அலுவலகம். நான் உளவியல் படித்துக்கொண்டிருந்த கோயம்புத்தூர்க் கல்லூரியில் இறுதி ஆண்டு ஆய்வுக்கு எங்கே போகப்போகிறாய் என்று கேட்டபோது, என்னோடு படித்தவர்களெல்லாம் ஐ.டி. கம்பெனிகளின் பெயரைச் சொன்னார்கள். நான் ஊருக்கே திரும்பி இந்த மாடிப்படியைத்தான் ஏறினேன். குழந்தைகளுக்காக ஓடுகிறவர்களுக்கு வேலை எவ்வளவு பாரமாக இருக்கிறது, அந்தப் பாரத்துக்கும் அவரவர் சுபாவத்துக்கும் என்ன தொடர்பு என்று ஆளுமைச் சோதனை வைத்துக் கண்டுபிடிப்பதாகத் திட்டம். கண்டுபிடித்தே விடுவேன் என்று எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. பையில் வினாத்தாள்கள், மடிக்கணினி, அது போக நிறைய அவசரம்.

முதல் நாளே எனக்குப் பிடித்துப்போன விஷயம், அந்த ஒரே அறையில் புழங்கிய தமிழ்கள். ஜீப் ஓட்டுகிற அண்ணன் மீனாட்சிபுரத்துக்காரர். பேச்சின் ஒவ்வொரு முனையிலும் ஒரு 'ங்க' வைத்துத் தைப்பவர். ரிப்போர்ட் எழுதுகிற அண்ணன் இடுக்கி மலையில் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்து வளர்ந்தவர். அவர் பேச்சு தெற்கே எங்கேயோ கிளம்பி, மலையேறி, இங்கே இறங்கியிருந்தது. பொறுப்பில் இருந்த மேடம் பாலக்காட்டுக் கோயில் தெருவிலிருந்து வாரம் இரண்டு முறை வருவார். அவர் வாயில் வேறொரு பழைய தமிழ். ஆலோசனை சொல்கிற சேச்சி பாலக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற மலையாளி, எல்லோருடைய தமிழையும் கலந்து ஒன்று பேசுவார். கேரளத்து அலுவலகம் என்பதால் கோப்புகள் மட்டும் மலையாளத்தில் இருந்தன.

அப்புறம் அக்கா. வீடு வீடாகப் போகிற வேலை அக்காவுடையது. வடகரப்பதியில் பிறந்து, கொழிஞ்சாம்பாறையில் வாக்கப்பட்டவர். எல்லைப் பக்கம் எந்தத் தோப்புக்குள் எந்த வீடு, அங்கே எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஸ்கூட்டரில் வருவார். வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே பேச ஆரம்பித்துவிடுவார்.

"ஏனுங் அம்மிணி, நீங்கதானா அந்த மனசு படிக்கிற புள்ள?"

"மனசெல்லாம் படிக்க மாட்டேங்க்கா. கேள்வி கேப்பேன், அவ்வளவுதான்."

"கேளுங்க, கேளுங்க. எங்களக் கேக்கறக்கு ஆளே இல்ல. நாங்கதான் ஊரையெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியறோம்."

எஸ்டேட் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "எக்ஸ்ரே எடுக்க வந்திருக்கு தாயி. அக்கா, சட்டைப் பையில காசு கீசு இருந்தா வெளிய எடுத்து வச்சிருங்க."

அலுவலகத்தில் டீ தாராளம். ஏன் இவ்வளவு பால் என்று கேட்டேன். அப்படித்தான் அந்தப் பெண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டேன். வடகரப்பதிப் பக்கம் ஒரு வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்குப் பொள்ளாச்சிப் பக்கத்துச் சொந்தத்தில் கல்யாணம் பேசி, புடவையும் எடுத்துவிட்டார்கள். தகவல் தெரிந்து அக்கா போய் நிறுத்தினார். அப்பாவிடம் எழுதி வாங்கியாயிற்று. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டது. ஆனால் எழுதிக் கொடுத்த கையே மறுபடி புடவை எடுக்கும் என்பது அக்காவின் அனுபவம். மார்ச்சில் பரீட்சை. அதுவரைக்கும் அந்த வீட்டு வாசலில் தன் முகம் தெரிந்துகொண்டே இருக்கவேண்டும் என்று முடிவு செய்தார். அலுவலக ஆள் வருகிறார் என்றால் அக்கம்பக்கம் பேசும். பால் வாங்க ஒருத்தி வருகிறாள் என்றால் யார் என்ன சொல்ல முடியும்? அந்த வீட்டில் மூன்று கறவை மாடுகள். அலுவலகம் முழுக்க அந்தப் பிள்ளையின் பரீட்சைக்காக டீ குடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஷுகர் வந்தா அதுக்கு அந்தப் புள்ளயோட அப்பன்தான் பொறுப்புங்க" என்பார் டிரைவர் அண்ணன், மூன்றாவது கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டே.

சோதனை வைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வினாத்தாளை நானே தமிழில் பெயர்த்திருந்தேன். 'சின்ன விஷயத்துக்கும் கவலைப்படுவேன்', 'கூட்டத்தில் கலகலப்பாக இருப்பேன்', 'என் பொருள்களை ஒழுங்காக வைத்துக்கொள்வேன்' என்று வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம், முற்றிலும் சரி என்பதிலிருந்து கொஞ்சம்கூடச் சரியில்லை என்பதுவரை. பெயர் எழுதவேண்டாம், ரகசியம் முக்கியம், பெயருக்குப் பதில் ஏதாவது ஒரு பழத்தின் பெயரை எழுதுங்கள் என்று சொன்னேன். முதலமடை மாந்தோப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பழம் என்று சொன்னால் வேறென்ன வரும்? ஒருவர் செந்தூரா, ஒருவர் மல்கோவா, ஒருவர் பங்கனப்பள்ளி. மலைக்காரர் மட்டும் பேஷன் ஃப்ரூட் என்று எழுதியிருந்தார்.

சம்மதப் படிவம் ஒன்று குறைந்தது. நகல் எடுத்து வருகிறேன் என்று கீழே ஓடினேன். கடையில் கரண்ட் இல்லை. அடுத்த கடை, அதற்கடுத்த கடை. திரும்பி மேலே வந்தபோது நான்கு தாள்களும் முடிந்து மேசையில் அடுக்கியிருந்தன. நான்கு பேரும் டீயோடு திருப்தியாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இவ்வளவு சீக்கிரமா?"

"எங்களுக்கு இதெல்லாம் பழக்கமாக்கும் தாயி" என்றார் எஸ்டேட் அண்ணன்.

ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. எந்தக் கல்லூரி மாணவர்களும் இவ்வளவு பொறுப்பாக நிரப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அன்று இரவே கணக்கிட்டு, கலர் கலராகக் கோடு வரைந்து, படமாக்கி வைத்தேன். மேடம் கேட்டிருந்தார், மாதாந்தரக் கூட்டத்தில் காட்டவேண்டுமென்று. பழப் பெயர்தானே, யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

கூட்டத்தன்று சுவரில் படம் விழுந்தது. ஐந்து குணங்களுக்கு ஐந்து படம். முதலில் பதற்றம். மூன்று கோடுகள் இடுப்பளவு நிற்க, செந்தூராவின் கோடு மட்டும் தென்னைமரம் மாதிரி நெட்டுக்குத்தாகப் போனது. நான் தலைப்பைப் படிக்கவேயில்லை, அதற்குள் அக்கா கைதட்டிவிட்டார்.

"அட, செந்தூரா நானுங்க மேடம்! பாருங்க, எம்பட கோடுதான் எல்லாத்தையும் விட உசரம்!"

பள்ளிக்கூடத்தில் உயரமான கோடு என்றால் முதல் மார்க். நம் ஊரில் வேறு என்ன அர்த்தம் இருந்திருக்கிறது? டிரைவர் அண்ணன்கூட "சபாஷ்ங்க" என்றார். மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தலைப்பை மெதுவாகப் படித்தார்.

"பதற்றம்னாக்கும் எழுதியிருக்கு."

கைதட்டல் நின்றது. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டார். "அப்பிடீங்களா" என்றார், பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிய சேச்சியைப் பார்த்துக்கொண்டே. பிறகு அவரே சிரித்துவிட்டார். எல்லோரும் சிரித்தோம். மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

மேடத்தைப் பற்றி இங்கே சரியாகச் சொல்லவேண்டும். நல்ல மனுஷி. போன மாதம் ஒரு பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தபோது ஜீப்பின் பின்சீட்டில் அக்கா அழுததை அவர் பார்த்திருந்தார். மறக்கவில்லை. பாலக்காட்டில் மாவட்ட அலுவலகத்தில் ஒரு மேசை வேலை காலியாக இருந்தது. இங்கிருந்து யாரையாவது அனுப்பலாம் என்று மேலே சொல்லியிருந்தார்கள். யாரை அனுப்புவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் என் தென்னைமரம் முளைத்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். "நோக்கு தாங்க்ஸ் சொல்லணும். அவ இப்படி ஓடிண்டே இருந்தா ஒடம்பு என்னத்துக்காகும்? நிழல்ல ஒக்காந்து வேலை பாக்கட்டும். அடுத்த மாசத்துலேருந்து பாலக்காட்டுக்கு மாத்திடறேன்."

"மேடம், அந்தப் பொண்ணுக்கு மார்ச்ல பரீட்சை..."

"வேற யாராவது போய்ப் பாக்கமாட்டாளா? நீ கவலைப்படாதே கொழந்தே."

அக்காவுக்குச் செய்தி போய்ச்சேர ஒரு டீ நேரம்கூட ஆகவில்லை. அவர் சண்டை போடவில்லை. ஸ்கூட்டர் சாவியை மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தார். "நான் போகலீன்னா ரெண்டு வாரத்துல அந்தப் புள்ளைக்கு மறுக்காப் பொடவ எடுத்துருவாங்க" என்றார். "பொடவக்கட மாப்பிள்ள ஊட்டுக்காரங்களோடது வேற."

பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினார். "ஏனுங் அம்மிணி, ஒண்ணு சொல்லோணும். சின்ன விசயத்துக்கெல்லாம் கவலைப்படுவேன்னு ஒரு கேள்வி இருந்துச்சில்ல? நான் இல்லைன்னுதான் சொன்னேன். இவங்கதான் ஓட்டுப் போட்டு மாத்தீட்டாங்க."

"ஓட்டா?"

டிரைவர் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார். எஸ்டேட் அண்ணன் தொண்டையைச் செருமினார். மெல்ல மெல்ல வந்தது கதை. இந்த அலுவலகத்தில் ஒரு குழந்தையைப் பற்றிய எந்தத் தாளையும் ஒருவர் தனியாக எழுதுவதில்லை. எல்லோரும் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தான் பார்த்ததைச் சொல்லி, ஒத்துக்கொண்ட பிறகுதான் பேனா ஓடும். கேஸ் மீட்டிங் என்று பெயர். தனியாக எழுதினால் பார்வை ஒருபக்கமாகிவிடும் என்று ஊறிப்போன பழக்கம். நான் நகல் எடுக்க ஓடிய நேரத்தில், அதே பழக்கத்தில், என் வினாத்தாளுக்கும் மீட்டிங் போட்டுவிட்டார்கள்! சேச்சி ஒவ்வொரு வாக்கியமாக வாசிக்க, தாளுக்குச் சொந்தக்காரர் ஒன்று சொல்ல, மற்ற மூவரும் சாட்சியம் சொல்லித் திருத்தியிருக்கிறார்கள்.

"ஜீப் வர அஞ்சு நிமிசம் லேட்டாச்சுன்னு அக்கா பதறிப்போயி பிஸ்கட் பாக்கெட்டத் தூக்கி வீசுன அன்னிக்கு நானும் இருந்தேன்லா" என்றார் எஸ்டேட் அண்ணன். "நெசத்தத்தானே எழுதணும்?"

"உன்ற தாளுல 'பொருள்களை ஒழுங்காக வைத்துக்கொள்வேன்'னு நீ போட்டத நாங்க அடிச்சமா இல்லியா? அப்ப மட்டும் கோவம் வந்துச்சே!" என்றார் அக்கா.

நான் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே, வழி கிடைத்துவிட்டது என்றும் பட்டது. தன்னைப் பற்றித் தானே சொல்லவேண்டிய சோதனை இது. மற்றவர்கள் ஓட்டுப் போட்டால் செல்லாது. ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு வெகுநேரம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "ஷெரி, மறுபடி வை. தனித்தனியா வை" என்றார்.

தனித்தனியாக வைக்க ஓர் அறைதான் இருந்தது. குழந்தைகள் வந்தால் உட்காருகிற அறை. சுவரெல்லாம் யானை, பட்டாம்பூச்சி. இரண்டடி உயர நாற்காலிகள். அதில் டிரைவர் அண்ணன் முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு கட்டங்களைக் குறித்தார். எஸ்டேட் அண்ணன் உள்ளே போனவர் பக்கத்தில் கிடந்த பிளாக்குகளை அடுக்கிக் கோபுரம் கட்டிவிட்டு, பிறகுதான் பேனாவைத் தொட்டார். அக்கா உள்ளே போனபோது கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தேன். இந்த முறை தென்னைமரம் சாயும் என்று எனக்கு நிச்சயம்.

கதவைத் திறந்து வந்தார். தாளை என் கையில் தராமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் நான் கொடுத்திருந்த குறிப்பைப் பார்த்துத் தானே கூட்டினார். உதடு அசைந்தது.

"எச்சாயிருச்சு" என்றார்.

"என்னதுக்கா?"

"போன வாட்டிய விட இப்ப எச்சு. தனியா உக்காந்து ரோசிச்சா நெசந்தான் வருது அம்மிணி. நான் கவலைப்படற ஆளுதான்."

"பாத்தீங்களா! நாங்க போட்ட ஓட்டு கரெக்ட்டுங்க" என்று டிரைவர் அண்ணன் குதித்தார். குதித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வண்டி துடைக்கக் கீழே போய்விட்டார்.

என் ஆய்வு வழிகாட்டி இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார், இரண்டு முறையும் ஒத்துப்போகிற முடிவு! எனக்குத்தான் சிக்கல். தாளை மேடத்திடம் காட்ட முடியாது, ரகசியம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். காட்டாமல் இருந்தால் பழைய கோடுதான் நிற்கும். இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டினேன். சுபாவத்தில் பதற்றம் இருப்பது வேறு, வேலை ஒருவரை அழுத்துவது வேறு. இரண்டுக்கும் உறவு உண்டு, ஆனால் ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லிவிட முடியாது. இதை மேடத்திடம் விளக்கப் போனேன். "உயரம் அளக்கிற டேப்பை வைத்துக் காய்ச்சல் பார்க்கக் கூடாது மேடம்" என்றேன். அந்த வாக்கியத்தைப் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

"நன்னாப் பேசறே" என்றார் மேடம். "ஆனா அவ அழுததைப் பாத்தது நானாக்கும். டேப்பு இல்லை."



வெளியே வந்து அலுவலகப் படியில் உட்கார்ந்தேன். எஸ்டேட் அண்ணன் கோப்புக் கட்டோடு மேலே ஏறிக்கொண்டிருந்தவர் நின்றார். நடந்ததைக் கேட்டார்.

"இதுக்கு ஒரு வழிதான் இருக்கு. அக்காவயும் ஒரு கேஸாப் போட்டு மீட்டிங்ல வச்சிருவோம்" என்றார். பகடிக்குத்தான் சொன்னார். கோப்பைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கவும் செய்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அண்ணா! அதைத்தான் செய்யணும்!"

"ஏ தாயி, வெளயாட்டுக்குச் சொன்னேன்."

"நான் வெளயாட்டுக்குச் சொல்லல."

ஏனென்றால் கேஸ் மீட்டிங்கின் விதிகளை எழுதியவரே மேடம். முதல் விதி, யாரைப் பற்றிய முடிவோ அவர்தான் முதலில் பேசவேண்டும். நான்கு வயதுப் பிள்ளையானாலும் அதுதான் முதலில். 'முடிச்சுட்டேன்' என்று அது சொல்கிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது, அதிகாரிகளும்தான். அடுத்தது, குறையைக் கேட்கக் கூடாது. எங்கே இருந்தால் உனக்கு நிம்மதி, யாரோடு இருந்தால் பயம் போகும் என்றுதான் கேட்கவேண்டும். நான் மறுபடியும் உள்ளே ஓடி இதைச் சொன்னபோது, மேடம் நாற்காலியில் சாய்ந்து என்னையே பார்த்தார்.

"என்னோட கத்தியை எடுத்துண்டு எங்கிட்டயே வரியா?" என்றார். ஆனால் வியாழக்கிழமை மதியம் என்று நேரம் குறித்தார்.

வியாழக்கிழமை எல்லோரும் யானைச் சுவர் அறையில் வட்டமாக உட்கார்ந்தோம். பெரிய நாற்காலிகளைக் கொண்டுவரலாம் என்று சேச்சி சொன்னார். மேடம் வேண்டாமென்று, பட்டுப்புடவையோடு அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க ஆள் தேவைப்படும் என்று எல்லோருக்கும் தெரிந்தது, அவருக்கும்.

மேடம் கேட்டார். கோப்புகளில் கேட்கிற அதே கேள்வி, அதே குரல். "எங்கே இருந்தா நோக்கு நிம்மதி?"

அக்கா முதலில் சிரித்தார். பிறகு விரலில் முந்தானையைச் சுற்றிக்கொண்டார்.

"எனக்குக் கவலை இருக்குதுங்க மேடம். ரெண்டு வாட்டி டெஸ்ட்டு வெச்சாச்சு, ரெண்டு வாட்டியும் நாந்தான் மொதல். அந்தப் புள்ள ஊட்டுக்குப் போயி அதும் மொகத்தப் பாத்துப்போட்டு வந்தா அடங்கிப் போகுதுங்க. போகாத அன்னிக்குத்தான் சோறு எறங்கறதில்ல. நீங்க பாலக்காட்டுல நிழல்ல உக்காத்தி வெக்கிறேங்கறீங்க. நல்லதுக்குத்தான் சொல்றீங்க, தெரியுதுங்க. ஆனா அங்க உக்காந்தா எனக்கு எல்லா நாளும் போகாத நாளாயிருமுங்களே."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எஸ்டேட் அண்ணன் விரலை உதட்டில் வைத்தார். மேடம் வாயை மூடிக்கொண்டார். மேலதிகாரியைப் பார்த்து ஒருவர் அப்படிச் செய்வதை நான் வேறெந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அன்னிக்கு ஜீப்புல அழுதது நெசம். அழுதுட்டு எறங்குனப்பறம் பசிச்சுது, பரோட்டா தின்னேன். டிரைவர் அண்ணனக் கேளுங்க."

"ரெண்டு செட்டுங்க" என்றார் டிரைவர் அண்ணன். விதியை மீறிவிட்டோம் என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்னைய வதைக்கிறது வேறங்க. இந்த ஃபோனு." பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் ஊர் கூப்பிடுகிற அவசர அழைப்பு ஃபோனை மடியிலிருந்து எடுத்து நடுவில் வைத்தார். "நம்ம பேச்சு பேசற ஆளு நாந்தான்னு ஆரம்பத்துல எங்கிட்டக் குடுத்தீங்க. அப்பறம் யாரும் திருப்பி வாங்கவே இல்ல. குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளிய ஒரு ஆள நிறுத்தி வெச்சுப்போட்டுத்தான் போறேன். இத ஆராச்சும் ஒரு வாரம் வெச்சுக்குங்க. முடிச்சுட்டேனுங்க."

எல்லோரும் ஃபோனைப் பார்த்தோம். என் வினாத்தாளில் எத்தனையோ கேள்வி இருந்தது. ஃபோன் யாரிடம் இருக்கிறது என்று ஒன்றும் இல்லை. அதை அன்றே என் ஆய்வில் சேர்த்தேன். ஆனால் அந்த நிமிடம் அதெல்லாம் தோன்றவில்லை, அடுத்து யார் பேசுவார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வட்டமாகப் போனது. டிரைவர் அண்ணன், "மொத வாரம் நானுங்க" என்றார். எஸ்டேட் அண்ணன் ரெண்டாவது வாரத்தை எடுத்துக்கொண்டு, "என் பேச்சு கேட்டு ஊருக்காரங்க போன வச்சிட்டாங்கன்னா நான் பொறுப்பில்ல" என்றார். சேச்சியின் முறை வந்தது. அவர் ஃபோனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தார்.

"பாலக்காட்டு மேசைக்கு ஞான் போகட்டே?"

யாருக்கும் உடனே புரியவில்லை. நான் போகட்டுமா என்று அவர் கேட்கிறார். நேற்றுவரை அந்த மேசையைத் தண்டனை என்று நாங்கள் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தோம். சேச்சிக்கோ அது வீட்டுக்கு நாலு தெரு தள்ளி. ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூங்கும்போதே முத்தமிட்டுவிட்டு முதல் பஸ் பிடித்து, திரும்பும்போதும் தூங்கும் குழந்தையையே பார்க்கிறவர் அவர்.

"எந்தா பறையாத்தே?" என்று மேடம் அவரோடு மலையாளத்துக்கே போய்விட்டார். ஏன் சொல்லவில்லை?

"ஆரும் கேட்டில்லல்லோ மேடம். எல்லாரும் அது சீத்த ஜோலி, கெட்ட வேலை மாதிரி பேசினாங்க. நான் எப்படிக் கேக்கறது?"

அப்புறம் அந்த அறையில் யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லா விதியும் போய்விட்டது. அக்கா சேச்சியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். மேடம் முடிவை எழுதச் சொன்னார். எஸ்டேட் அண்ணன் எழுதினார்: வீட்டுக்குப் போகிற வேலையில் அக்கா தொடர்வது, ஃபோன் வாரம் ஒருவர், மேசைக்குச் சேச்சி. மார்ச் முடிந்ததும் மறுபடி கூடிப் பார்ப்பது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"அப்போ இங்கே கொழந்தைகளோட பேசறதுக்கு யாராக்கும்?" என்று மேடம் கேட்டார். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். ஆய்வு முடிகிற வரைக்கும் வருகிறேன் என்றேன். அதற்கு முன் மேடத்தை நாற்காலியிலிருந்து எழுப்பவேண்டியிருந்தது. அக்கா ஒரு கை, நான் ஒரு கை.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். போகும்போது பேசிக்கொண்டே போவார், திரும்பும்போது பால் தூக்கு என் மடியில். பிள்ளையின் அப்பா முதலில் எங்களைப் பார்த்தால் மாட்டுக்கொட்டகைக்குள் புகுந்துகொள்வார். பொங்கலுக்குப் பிறகு வெளியே நின்று பேச ஆரம்பித்தார். மாசியில் ஒருநாள், "கணக்குல கொஞ்சம் வீக்குங்களாம், டீச்சரு சொன்னாங்க. யாராச்சும் சொல்லித் தர ஆளிருக்குதுங்களா?" என்று அவரே கேட்டார். அக்கா வண்டி ஸ்டாண்டைப் போட மறந்துவிட்டார். நல்லவேளை, நான் பிடித்தேன்.

பரீட்சை முதல் நாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் நாங்கள் இருவரும். ஃபோன் அந்த வாரம் எஸ்டேட் அண்ணனிடம். அக்காவின் கை சும்மா இருக்க முடியாமல் பிள்ளையின் துப்பட்டாவைச் சரிசெய்தது, அதன் பேனாவை வாங்கி உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தது.

"ஹால் டிக்கெட் எடுத்தியா? இன்னொரு பேனா? தண்ணி? சாப்புட்டியா, என்ன சாப்புட்ட?"

"இட்லிங்க்கா."

"எத்தன? மறந்துபோச்சுன்னா பதறாத. தெரிஞ்சத மொதல்ல எழுது. நெம்பர் சரியாப் போடு. வயித்த வலிச்சாச் சொல்லு..."

மணி அடித்தது. பிள்ளை அக்காவின் கையிலிருந்த தன் பேனாவை மெல்ல உருவிக்கொண்டது.

"அக்கா, நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. நான் எழுதிப்போட்டு வந்தர்றேன்."

திரும்பிப் பார்க்காமல் வேகமாய் உள்ளே போய்விட்டது.